விலான்களுக்கு இடையே இணைப்பு விட்டு விட்டு அறுகிறதா? முதலில் நொடிகளை எண்ணுங்கள்

“இவ்வளவு நேரம் வரலை சார், நீங்க வந்து நின்னதும் வந்துடுச்சு.” நெட்வொர்க் வேலையில் இருப்பவர்கள் இதைக் கேட்காமல் இருந்திருக்க முடியாது. முழுதாக அறுந்த இணைப்பைப் பிடிப்பது எளிது. ஒரு முனையிலிருந்து சோதித்துக்கொண்டே போனால் எங்கோ ஓரிடத்தில் அகப்பட்டுவிடும். விலான் என்பது ஒரே சுவிட்சுகளின் மேல் பிரித்து வைத்த தனித்தனிப் பிணையம். அக்கவுண்ட்ஸ் பிரிவின் விலானிலிருந்து சர்வர் விலானுக்கு நாளைக்கு நான்கைந்து முறை, சில நொடிகள் மட்டும் போய்த் திரும்பி வரும் இணைப்பு அப்படி அகப்படாது. நாம் போய்ப் பார்க்கும்போது எல்லா விளக்கும் பச்சையாக எரியும். கடைசியில் யாராவது பொறுமை இழந்து கோர் சுவிட்சை (எல்லாச் சுவிட்சும் வந்து சேரும் நடுச் சுவிட்ச்) அணைத்துப் போடுவார்கள். இரண்டு நாள் ஓடும். மூன்றாம் நாள் அதே அழைப்பு வரும்.

தயவுசெய்து அணைத்துப் போடாதீர்கள். மேக் அட்டவணை (எந்தக் கருவியின் வன்பொருள் முகவரி எந்தப் போர்ட்டில்), ஏஆர்பி அட்டவணை (எந்த ஐபி முகவரிக்கு எந்த மேக்), லாக் (நிகழ்வுப் பதிவு), போர்ட்டுகளின் பிழைக் கணக்கு என்று பிழையைக் காட்டிக்கொடுக்கும் எல்லாமே சுவிட்சின் நினைவகத்தில்தான் இருக்கின்றன. மின்சாரத்தை நிறுத்தியதும் அத்தனையும் போய்விடும்.

நான் முதலில் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: எத்தனை நொடி வரவில்லை? சுவிட்சுக்குள் நடக்கும் ஒவ்வொரு வேலைக்கும் ஒரு கடிகாரம் உண்டு. பாக்கெட்டுகள் வளையத்தில் சுற்றாமல் மிகையான பாதைகளைத் தடுத்து வைக்கும் ஸ்பானிங் ட்ரீ, அதன் பழைய முறையில், ஒரு போர்ட்டைத் திறக்க 30 நொடி எடுத்துக்கொள்ளும். மேக் முகவரி ஒன்று பேசாமல் இருந்தால் 300 நொடியில் அட்டவணையிலிருந்து உதிர்ந்துவிடும். விலானிலிருந்து வெளியே போகும் வாசலான கேட்வேயில் ஏஆர்பி பதிவு 4 மணி நேரம் இருக்கும். இணைப்பு போன நேரத்தை அளந்துவிட்டால் எந்தக் கடிகாரம் ஓடியது என்று ஊகிக்கலாம், அதை வைத்து எங்கே தேடுவது என்று முடிவு செய்யலாம்.

கீழே சொல்லும் அளவுகள் சிஸ்கோ ஐஓஎஸ் சுவிட்சுகளின் இயல்பு அமைப்புகள். வேறு நிறுவனத்தின் சுவிட்ச் என்றால் அதே கடிகாரத்தை அதன் கையேட்டில் பார்த்துக்கொள்ளுங்கள். எடுத்துக்காட்டாக ஒரு சாதாரண அலுவலகத்தை வைத்துக்கொள்வோம். விலான் 10 ஊழியர்களின் கணினிகள், விலான் 20 சர்வர்கள், விலான் 30 கேமராக்கள். முகவரிகள் முறையே 192.168.10, 192.168.20, 192.168.30 வரிசைகளில். மூன்றுக்கும் கேட்வே, விலான்களுக்கு இடையே கடத்தும் கோர் லேயர் 3 சுவிட்சில் இருக்கிறது. மாடிக்கு ஒரு ஆக்சஸ் சுவிட்ச் (கணினிகள் செருகுவது), அங்கிருந்து கோருக்கு எல்லா விலானையும் சுமக்கும் ட்ரங்க் இணைப்பு.

எதையும் மாற்றும் முன்: மூன்று பிங்

பிரச்சினை சொல்லும் கணினியிலிருந்து மூன்று பிங்கை (‘இருக்கிறாயா’ என்று கேட்டுப் பதிலுக்குக் காத்திருக்கும் சோதனை) ஒரே நேரத்தில் ஓட விடுங்கள். ஒன்று அதே விலானில், அதே சுவிட்சில் உள்ள பக்கத்துக் கணினிக்கு. இன்னொன்று தன் கேட்வேக்கு. மூன்றாவது அடுத்த விலானில் இருக்கும் சர்வருக்கு. மூன்றையும் கோப்பில் சேமித்து, அரை நாளாவது விடுங்கள்.

நொடி எண்ணுவதில் ஒரு வழுக்கல் இருக்கிறது. லினக்ஸில் பிங் நொடிக்கு ஒன்று போகும், வரிசை எண் வரும். 412க்கு அடுத்த வரி 443 என்றால் 30 பாக்கெட் போயிற்று, அதாவது சுமார் 30 நொடி. விண்டோஸ் அப்படி இல்லை. பதில் வராத ஒவ்வொரு பிங்குக்கும் அது 4 நொடி வரை காத்திருக்கும். ‘ரிக்வெஸ்ட் டைம்டு அவுட்’ என்று எட்டு வரி வந்தால் அது எட்டு நொடி இல்லை, அரை நிமிடத்துக்கு மேல். மேலும் விண்டோஸ் பிங் நேரத்தை அச்சிடாது. பவர்ஷெல்லில் ஒரு வரி எழுதி ஒவ்வொரு பதிலோடும் நேரத்தைச் சேர்த்துவிடுங்கள். சுவிட்சுகள் எல்லாவற்றிலும் என்டிபி போட்டு நேரத்தை ஒன்றாக்குங்கள். லாக் பஃபர் சில சுவிட்சுகளில் வெறும் 4096 பைட். அது ஐம்பது வரிகூடத் தாங்காது, பெரிதாக்குங்கள்.

இனி முடிவைப் படிக்கலாம். பக்கத்துக் கணினியும் சேர்ந்து விழுந்தால் இது விலான்களுக்கு இடையிலான பிரச்சினையே இல்லை. கேபிள், லூப் (பாதை வளையமாகிவிடுவது), ஸ்பானிங் ட்ரீ பக்கம் போங்கள். பக்கத்துக் கணினி நிற்கிறது, கேட்வேயும் சர்வரும் சேர்ந்து விழுகின்றன என்றால் மேலே போகும் ட்ரங்க், அல்லது கேட்வேயின் மேக் முகவரி சந்தேகத்துக்கு உரியது. கேட்வே நிற்கிறது, சர்வர் மட்டும் விழுகிறது என்றால் சர்வர் பக்கம், அல்லது பதில் திரும்பி வரும் பாதை.

நான்காவதாக ஒன்று உண்டு: கேட்வே பிங் மட்டும் அவ்வப்போது விழுகிறது, சர்வர் பிங் ஒன்றுகூட விழவில்லை. இது பிழையே இல்லை. சர்வருக்குப் போகும் பாக்கெட்டுகளைச் சுவிட்சின் சிப் கடத்துகிறது. கேட்வே முகவரிக்கே வரும் பிங்குக்குச் சுவிட்சின் சிபியு பதில் சொல்ல வேண்டும், அது அந்த வேலையைக் கடைசியில்தான் எடுக்கும். இதைப் பிழை என்று நினைத்து நல்ல சுவிட்சைக் கழற்றி மாற்றியவர்களைப் பார்த்திருக்கிறேன். கேட்வேயைத் தாண்டிப் போகும் பிங்கைத்தான் நம்ப வேண்டும்.

அறிகுறி: 30 நொடி அல்லது 50 நொடி போய், தானாக வருகிறது

இந்த எண்ணைப் பார்த்தால் வேறு எதையும் யோசிக்காமல் ஸ்பானிங் ட்ரீக்குப் போங்கள். 802.1டி என்ற அந்தப் பழைய முறையில் ஒரு போர்ட் 15 நொடி கவனிக்கும், 15 நொடி கற்கும், அதன் பிறகுதான் கடத்தும். பாதை வேறெங்கோ மறைமுகமாக அறுந்திருந்தால் அதற்கு முன் இன்னொரு 20 நொடி காத்திருக்கும். அப்படித்தான் 30, 50 என்ற இரு எண்களும் வருகின்றன.

‘எங்களுடையது ரேப்பிட் ஸ்பானிங் ட்ரீ ஆயிற்றே’ என்று விட்டுவிடாதீர்கள். இரு முனையும் ரேப்பிட் பேசினால்தான் அது நொடிக்குள் முடியும். மறுமுனை பழைய முறையில் ஓடினாலோ, இணைப்பு ஹாஃப் டூப்ளெக்ஸில் (ஒரு நேரத்தில் ஒரு திசை மட்டும்) இறங்கியிருந்தாலோ அதுவும் பழைய 30 நொடிக்குத் திரும்பிவிடும்.

‘ஷோ ஸ்பானிங்-ட்ரீ டீடெய்ல்’ கட்டளையைக் கொடுங்கள். ஒவ்வொரு விலானுக்கும் இதுவரை எத்தனை முறை மாற்றம் நடந்தது, கடைசி மாற்றம் எவ்வளவு நேரத்துக்கு முன், எந்தப் போர்ட் வழியாக வந்தது என்று மூன்றும் ஒரே இடத்தில் இருக்கும். இந்த வகைப் பிழையில் எனக்கு மிக அதிகம் உதவியது இந்த வரிதான். அந்தப் போர்ட்டைப் பிடித்துக்கொண்டு அடுத்த சுவிட்சுக்குப் போங்கள், அங்கேயும் அதே கட்டளை. இரண்டு மூன்று தாவலில் மூலப் போர்ட் கிடைத்துவிடும்.

சிஸ்கோவில் விலானுக்கு ஒரு தனி மரம் (ஸ்பானிங் ட்ரீ) ஓடுவதால் விலான் 20 மட்டும் நின்று, 10ம் 30ம் நன்றாக இருக்கவும் கூடும். ‘சுவிட்சில் பிரச்சினை என்றால் எல்லாமே போயிருக்க வேண்டுமே’ என்ற வாதம் இங்கே செல்லாது.

ரூட் சுவிட்ச் (மரத்துக்கு வேர்) எது என்றும் பாருங்கள். எதையும் மாற்றாமல் விட்டால் எல்லாச் சுவிட்சுக்கும் முன்னுரிமை எண் 32768தான். அப்போது மேக் முகவரி மிகச் சிறியதாக இருக்கும் சுவிட்ச் ரூட் ஆகிறது. பல இடங்களில் அது இருப்பதிலேயே பழைய சுவிட்சாக இருக்கும். ஸ்டோர் ரூமில் தூசி படிந்து கிடக்கும் அந்தப் பெட்டி ஒருமுறை அணைந்து எழுந்தால் அலுவலகம் முழுவதும் மரம் மாறும். கோர் சுவிட்சுக்கு 4096 என்று கொடுத்து ரூட்டை அங்கே நிலைநிறுத்துங்கள்.

அறிகுறி: நாள் முழுதும் ஓரிரு நொடி விக்கல்

இதுவும் அதே வீட்டுப் பிள்ளைதான், ஆனால் வேலை செய்யும் விதம் வேறு. மரத்தில் மாற்றம் என்று அறிவிப்பு வந்ததும் சுவிட்ச் தன் மேக் அட்டவணையை நம்பாது. பழைய முறையில் 300 நொடி ஆயுள் 15 நொடியாகக் குறையும். ரேப்பிடில் உடனே துடைத்துவிடும். எந்த மேக் எந்தப் போர்ட்டில் என்று மறுபடி தெரியும் வரை, வரும் ஃபிரேமை அந்த விலானின் எல்லாப் போர்ட்டிலும் இறைக்கும். கணினிகள் மட்டும் இருக்கும் விலானில் இது கண்ணுக்கே தெரியாது. கேமரா விலானில் தெரியும். நாற்பது கேமராவின் வீடியோ மொத்தமும் ஒரு 100 எம்பிபிஎஸ் போர்ட்டுக்குள் இறைக்கப்பட்டால் அந்த நொடியில் அங்கே வேறு எதுவும் நகராது.

மாற்றத்தைத் தொடங்கி வைப்பது பெரும்பாலும் ஊழியரின் கணினிதான். போர்ட்ஃபாஸ்ட் (காத்திருக்காமல் போர்ட்டை உடனே திறக்கும் அமைப்பு) போடாத போர்ட்டில் ஒருவர் கணினியை அணைத்துப் போட்டாலே அது அந்த விலானின் மரத்தில் நடந்த மாற்றமாக எல்லாச் சுவிட்சுக்கும் சொல்லப்படும். நம் ஊரில் இதற்கு இன்னொரு காரணமும் உண்டு. கோர் சுவிட்ச் யுபிஎஸ்ஸில் இருக்கும், மேசைக்கடியில் கிடக்கும் ஐந்து போர்ட் குட்டிச் சுவிட்சுகள் இருக்காது. மின்சாரம் போய் ஜெனரேட்டர் பிடிக்கும் இடைவெளியில் அவை எல்லாம் ஒன்றாக அணைந்து ஒன்றாக எழும். பிங் கோப்பில் விக்கல் வந்த நேரத்தையும் ஜெனரேட்டர் பதிவேட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

கணினி, பிரின்டர், கேமரா போகும் எல்லாப் போர்ட்டிலும் போர்ட்ஃபாஸ்ட் போடுங்கள், கூடவே பிபிடியு கார்டும் (ஸ்பானிங் ட்ரீ செய்தி வந்தால் போர்ட்டை மூடும் காவல்). ஐபி ஃபோனின் இரண்டு போர்ட்டையும் சுவரில் இருக்கும் இரண்டு சாக்கெட்டில் செருகி லூப் உண்டாக்குவது அலுவலகங்களில் சகஜம். அதைத் தடுப்பது இந்தக் காவல்தான். லாக்கில் ஒரே மேக் முகவரி இரண்டு போர்ட்டுக்கு இடையே தாவுகிறது என்ற வரி வந்துகொண்டே இருந்தால் லூப் என்றே வைத்துக்கொண்டு தேடுங்கள்.

அறிகுறி: விலானுக்குள் எல்லாம் சரி, வெளியே போவது மட்டும் சிலருக்கு வருவதும் போவதும்

பக்கத்து மேசையின் பிரின்டர் வருகிறது, சர்வர் வரவில்லை. அதே நேரம் எதிர் மேசைக்காரருக்குச் சர்வர் வருகிறது. பத்து நிமிடம் கழித்து நிலைமை தலைகீழ். இப்படி வந்தால் சுவிட்சுக்குப் போகும் முன் பாதிக்கப்பட்ட கணினியில் ‘ஏஆர்பி மைனஸ் ஏ’ கொடுத்து, கேட்வே முகவரிக்கு நேரே எந்த மேக் இருக்கிறது என்று எழுதிக்கொள்ளுங்கள். நன்றாக வேலை செய்யும் கணினியிலும் அதையே பாருங்கள். இரண்டும் வேறு என்றால் கேட்வேயின் ஐபி முகவரியை வேறு யாரோ வைத்திருக்கிறார்கள்.

ஒரு பயிற்சி நிலையத்தில் இதற்காக நான் இரண்டு நாள் அலைந்தேன். காலை பத்து மணிக்குத் தொடங்கும், ஐந்து மணிக்கு மேல் ஒன்றும் இருக்காது. ட்ரங்க் கேபிளை மாற்றினேன், போர்ட்டை மாற்றினேன். கடைசியில் ஒரு ஆசிரியர் தன் வகுப்புக்காக வீட்டிலிருந்து கொண்டுவந்த வைஃபை ரவுட்டர் அகப்பட்டது. அதன் லேன் போர்ட்டில் சுவர் சாக்கெட்டின் கேபிள் செருகியிருந்தது. ரவுட்டரின் முகவரியும் அந்த விலானின் கேட்வே முகவரியும் ஒன்று. ஏஆர்பி கேள்விக்கு இருவரும் பதில் சொல்கிறார்கள், கணினிகள் கடைசியாகக் கேட்ட பதிலைப் பிடித்துக்கொள்கின்றன. விண்டோஸும் லினக்ஸும் ஏஆர்பி பதிவை ஏறத்தாழ அரை நிமிடத்தில் சந்தேகித்துச் சரிபார்க்கும் என்பதால் ஒவ்வொரு கணினியும் தன் போக்கில் மாறி மாறி விழுகிறது. முதல் நாளே அந்தக் கட்டளையைக் கொடுத்திருந்தால் பத்து நிமிட வேலை.

தவறான மேக் கிடைத்ததும் ‘ஷோ மேக் அட்ரஸ்-டேபிள்’ கட்டளையில் அதைத் தேடினால் போர்ட் தெரியும். கேட்வேயின் முகவரியே மோதும்போது கோர் சுவிட்சின் லாக்கிலும் இரட்டை முகவரி என்று வரி விழுந்திருக்கும். அதே ரவுட்டர் டிஎச்சிபி வழியாகக் கணினிகளுக்கு ஐபி முகவரியும் கொடுத்துக்கொண்டிருக்கலாம், எனவே போலி டிஎச்சிபியைத் தடுக்கும் டிஎச்சிபி ஸ்னூப்பிங்கை இயக்கி, உண்மையான சர்வர் இருக்கும் பக்கத்துப் போர்ட்டை மட்டும் நம்பகமானது என்று குறியுங்கள்.

அறிகுறி: கருவி தன் விலானில் தெரிகிறது, மற்ற விலான்களிலிருந்து மணிக்கணக்கில் தெரியவில்லை

பழுதான கேமராவையோ பிரின்டரையோ கழற்றி, அதே ஐபி முகவரியில் புதியதை வைத்த அன்று இது வரும். புதிய கருவியின் மேக் வேறு. அதே விலானில் உள்ள கணினிகள் சீக்கிரம் கற்றுக்கொள்ளும். கேட்வே மட்டும் பழைய மேக்கை 4 மணி நேரம் வரை பிடித்துக்கொண்டிருக்கும். கணினியோ சர்வரோ என்றால் தானே வெளியே பேசி, கேட்வேயின் மேக்கைக் கேட்கும்; அந்தக் கேள்வியிலேயே கேட்வே புதிய மேக்கை அறிந்துகொள்ளும். யாராவது கேட்டால் மட்டும் பேசும் அமைதியான கருவிகள் அப்படிச் செய்வதில்லை. அதனால்தான் சில கருவிகளுக்கு மட்டும் இந்தத் தொல்லை.

கேட்வேயில் அந்த ஒரு முகவரியின் ஏஆர்பி பதிவை மட்டும் அழியுங்கள். உடனே வந்தால் காரணம் உறுதி. மொத்த அட்டவணையையும் அழிக்க வேண்டாம், மற்ற தடயங்களும் அதில்தான் இருக்கின்றன.

இதே அறிகுறியோடு வரும், நெட்வொர்க்கில் பிழையே இல்லாத ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். விண்டோஸ் ஃபயர்வாலின் பிங் விதி இயக்கத்தில் இருந்தால், அதன் இயல்பு அமைப்பில், டொமைன் பிணையத்தில் (நிறுவனத்தின் மையக் கணக்குச் சர்வரோடு சேர்ந்தது) இருக்கும்போது எங்கிருந்தும் பிங்கை ஏற்கும். பிரைவேட், பப்ளிக் என்று கருதும்போது தன் சப்நெட்டிலிருந்து (தன் முகவரி வரிசை) மட்டும்தான் ஏற்கும். ஒரு சர்வர் எழும்போது டொமைன் கன்ட்ரோலரைப் பிடிக்க முடியாமல் தன்னைப் பப்ளிக் என்று முடிவு செய்துகொண்டால், அதே விலானில் பிங் ஆகும், அடுத்த விலானிலிருந்து ஆகாது. சர்வரின் நெட்வொர்க் புரொஃபைல் எதில் இருக்கிறது என்று ஒரு பார்வை பாருங்கள்.

சப்நெட் மாஸ்க்கையும் கூடவே பாருங்கள். 20ஆம் விலான் சர்வரில் 255.255.0.0 என்று கையால் எழுதியிருந்தால் அது 192.168.10 கணினிகளையும் தன் பக்கத்தில் இருப்பதாக நினைத்து நேரடியாக ஏஆர்பி கேட்கும். கேட்வேயில் ப்ராக்ஸி ஏஆர்பி இருந்தால் அது நடுவில் புகுந்து பதில் சொல்லிவிடும், ஆண்டுக்கணக்கில் யாருக்கும் தெரியாது. புதிய கோர் சுவிட்சில் ப்ராக்ஸி ஏஆர்பியை அணைத்த அன்று எல்லாம் நிற்கும். பழி புதிய சுவிட்ச் மேல் விழும்.

அறிகுறி: கடிகாரம் வைத்தாற்போல் 5 நிமிடம்

ஒரு போர்ட்டில் இருப்பவர்கள் மட்டும் ஐந்து நிமிடம் முழுதாகப் போய்த் திரும்பினால் சுவிட்சே அந்தப் போர்ட்டை மூடியிருக்கிறது. மூடிய போர்ட்டைத் தானாகத் திறக்கும் வசதியை யாராவது இயக்கியிருந்தால் அதன் இயல்பு நேரம் 300 நொடி. லாக்கில் எர்-டிசேபிள் என்று காரணத்தோடு இருக்கும். பிபிடியு கார்டு, போர்ட் செக்யூரிட்டி (அனுமதித்த மேக் முகவரிகள் மட்டும்) இரண்டும் வழக்கமான காரணங்கள். நான் கவனிக்கச் சொல்வது போலி ஏஆர்பியைத் தடுக்கும் டைனமிக் ஏஆர்பி இன்ஸ்பெக்‌ஷன். நம்பகமில்லாத போர்ட்டில் நொடிக்கு 15 ஏஆர்பிக்கு மேல் வந்தால் அது போர்ட்டை மூடிவிடும். பின்னால் ஒரு குட்டிச் சுவிட்சும் அதில் ஆறு கணினியும் இருந்தால் காலையில் எல்லோரும் ஒன்றாகக் கணினியைப் போடும்போது 15ஐத் தாண்டுவது பெரிய விஷயமில்லை. வரம்பை உயர்த்துங்கள், பாதுகாப்பையே அணைக்காதீர்கள்.

அறிகுறி: சில ஜோடிகளுக்கு மட்டும் வராது

அ என்ற கணினியிலிருந்து சர்வர் 1 வருகிறது, சர்வர் 2 வருவதில்லை. ஆ என்ற கணினியிலிருந்து சர்வர் 2 வருகிறது, சர்வர் 1 வருவதில்லை. கேட்பவருக்குத் தலை சுற்றும். கோருக்கும் ஆக்சஸ் சுவிட்சுக்கும் இடையே ஈதர்சேனல் இருந்தால் இதற்கு விளக்கம் எளிது. இரண்டு கேபிளைக் கட்டி ஒன்றாக்கும்போது, எந்தப் பாக்கெட் எந்தக் கேபிளில் போக வேண்டும் என்று முகவரிகளை வைத்து ஒரு கணக்குப் போடப்படுகிறது. அதே ஜோடிக்கு எப்போதும் அதே கேபிள். அதில் ஒரு கேபிள் கெட்டுப்போயிருந்தால், அல்லது மறுமுனை அதைக் கூட்டில் சேர்க்காமல் இருந்தால், அந்தக் கேபிளில் விழும் ஜோடிகள் மட்டும் தோற்கும்.

‘டெஸ்ட் ஈதர்சேனல் லோட்-பேலன்ஸ்’ கட்டளையில் இரண்டு ஐபி முகவரிகளைக் கொடுத்தால் எந்தக் கேபிள் என்று சுவிட்சே சொல்லும். வராத ஜோடிகள் எல்லாம் ஒரே கேபிளைக் காட்டினால் அதைக் கழற்றிச் சோதியுங்கள். இரு முனையிலும் ‘ஆன்’ என்று கட்டாயப்படுத்தியிருந்தால் எல்ஏசிபிக்கு (இரு முனையும் பேசி ஒத்துக்கொள்ளும் முறை) மாற்றுங்கள். மறுமுனை பதில் சொல்லாத கேபிளை எல்ஏசிபி தானே ஒதுக்கிவிடும்.

அறிகுறி: பிங் ஒழுங்கு, கோப்பு மட்டும் நகராது

சிறிய பாக்கெட் போகிறது, பெரியது போகவில்லை. இரண்டு காரணம். ஒன்று டூப்ளெக்ஸ் பொருந்தாமை. ஒரு முனையில் வேகத்தையும் டூப்ளெக்ஸையும் கையால் எழுதி, மறுமுனையை ஆட்டோவில் விட்டால் ஆட்டோ முனை ஹாஃப் டூப்ளெக்ஸில் இறங்கும். ஹாஃப் முனையில் லேட் கொலிஷன் (தாமத மோதல்), ஃபுல் முனையில் சிஆர்சி பிழை (சிதைந்த ஃபிரேம்) ஏறும். இரண்டு முனையையும் ஆட்டோவுக்குக் கொண்டுவந்தால் முடிந்தது.

இன்னொன்று எம்டியு, அதாவது ஒரே துண்டாகப் போகக்கூடிய பாக்கெட்டின் உச்ச அளவு. இரண்டு விலானிலும் 9000 பைட் ஜம்போ ஃபிரேம் போட்ட சர்வர்கள் இருந்து, நடுவில் கேட்வே 1500லேயே நின்றால் சிக்கல். ‘இதைத் துண்டாக்க வேண்டும்’ என்று கேட்வே அனுப்பும் ஐசிஎம்பி செய்தியை ஏதாவது ஏசிஎல் (அனுமதி விதிப் பட்டியல்) தடுத்தால், அனுப்பும் சர்வருக்குக் காரணமே தெரியாது. ஒரு முனை 1500ல் இருந்தால் டிசிபி தொடக்கத்திலேயே சின்ன அளவுக்கு ஒத்துக்கொள்ளும், அதனால் ஊழியர்களின் கணினிகளில் இது தெரியாது. சர்வருக்கும் சர்வருக்கும் இடையேதான் வெடிக்கும். துண்டாக்காதே என்ற குறியோடு 1472 பைட் பிங் போட்டுப் பாருங்கள். தலைப்புகள் 28 பைட் சேர்ந்து சரியாக 1500. அது போய், 8972 போகவில்லை என்றால் நடுவில் இருக்கும் தடை தெரிந்துவிட்டது. சில கேட்டலிஸ்ட் சுவிட்சுகளில் ஜம்போ அளவும் ரவுட்டிங் அளவும் தனித்தனி அமைப்பு. ஒன்றை மட்டும் மாற்றி நிறுத்தியிருப்பார்கள்.

அறிகுறி: எல்லோரும் வீட்டுக்குப் போனதும் விலானே மறைகிறது

விலானில் உயிரோடு ஒரு போர்ட்கூட இல்லை என்றால் கோர் சுவிட்ச் அந்த விலானின் கேட்வேயைக் கீழே இறக்கிவிடும். இயல்பான நடத்தை அது. மாடிக்குப் போகும் ட்ரங்கில் அந்த விலான் அனுமதிக்கப்பட்டிருந்தால் அதுவே போதும், கேட்வே நிற்கும். அப்படி இல்லாமல் கோரில் நேரடியாகச் செருகிய ஒரே ஒரு கணினியை நம்பி விலான் ஓடிக்கொண்டிருந்தால், அதை அணைத்ததும் அந்த முகவரி வரிசையே ரவுட்டிங் அட்டவணையிலிருந்து போகும். மாலை ஆறு மணிக்கு மறைந்து காலை ஒன்பதுக்கு வரும்.

ட்ரங்க் என்றதும் ஒரு எச்சரிக்கை. அனுமதிப் பட்டியலில் 30ஐச் சேர்க்கும்போது ‘ஆட்’ என்ற சொல்லை விட்டுவிட்டால் பழைய பட்டியல் முழுதும் போய் 30 மட்டும் நிற்கும். ஒற்றை ட்ரங்கில் இதைச் செய்தால் அப்போதே தெரிந்துவிடும். இரட்டை ட்ரங்கில், ஸ்பானிங் ட்ரீ தடுத்து வைத்திருக்கும் மாற்றுப் பாதையில் செய்தால் தெரியாது. மூன்று மாதம் கழித்து முதல் கேபிள் அறுந்து மாற்றுப் பாதைக்குப் போகும்போதுதான் தெரியும். ‘ஷோ இன்டர்ஃபேசஸ் ட்ரங்க்’ வெளியீட்டில் இரு பாதைகளின் பட்டியலும் ஒன்றா என்று ஒப்பிடுங்கள். நேட்டிவ் விலானும் (ட்ரங்கில் விலான் எண் ஒட்டாமல் போவது) இரு முனையில் ஒன்றாக இருக்கட்டும். இல்லாவிட்டால் சிடிபி (அக்கம்பக்கக் கருவிகள் தங்களை அறிவித்துக்கொள்ளும் சிஸ்கோ முறை) லாக்கில் முறையிட்டுக்கொண்டே இருக்கும்.

அறிகுறி: கேட்வே இரட்டை, 10 நொடி போகிறது

இரண்டு கோர் சுவிட்சில் எச்எஸ்ஆர்பி (ஒரே கேட்வே முகவரியை இரண்டும் பகிரும் முறை) ஓடினால் 3 நொடிக்கு ஒருமுறை ஒன்றுக்கொன்று நலம் சொல்லிக்கொள்ளும். 10 நொடி சத்தம் இல்லை என்றால் இரண்டாவது பொறுப்பேற்கும். ‘ஷோ ஸ்டேண்ட்பை’ வெளியீட்டில் நிலை மாற்றங்களின் எண்ணிக்கை இருக்கிறது. அது ஏறிக்கொண்டே போனால் இரண்டு கோருக்கும் இடையிலான ட்ரங்கில் அந்த விலான் ஒழுங்காகப் போகிறதா என்று பாருங்கள். இரண்டு பக்கமும் தன்னையே ஆக்டிவ் என்று காட்டினால் ஒன்றின் குரல் மற்றதற்குக் கேட்கவில்லை என்று பொருள்.

பாக்கெட் ஒரு கோர் வழியாகப் போய்ப் பதில் இன்னொன்றின் வழியாக வரும் அமைப்பில் மற்றொரு தொல்லை. பதில் மட்டும் வரும் கோரில், கேள்வி கேட்ட கணினியின் மேக் 5 நிமிடத்தில் உதிர்ந்துவிடும், ஏஆர்பி 4 மணி நேரம் நிற்கும். இடைப்பட்ட நேரம் முழுதும் அந்தப் போக்குவரத்தை அது எல்லாப் போர்ட்டிலும் இறைத்துக்கொண்டிருக்கும். ஏஆர்பி ஆயுளை மேக் ஆயுளைவிடக் குறைவாக வையுங்கள், 240 நொடி என்று.

சர்வரில் இரண்டு நெட்வொர்க் கார்டு இருந்து, ஒன்று விலான் 20லும் மற்றது விலான் 10லும் இருந்தாலும் இதே ஒருவழிப் பாதைதான். கேள்வி கேட்வே வழியாகப் போகிறது, பதில் நேரடியாக வந்துவிடுகிறது. கேட்வே வெறும் சுவிட்ச் என்றால் ஒன்றும் ஆகாது. ஃபயர்வால் என்றால் பாதி உரையாடலை மட்டும் பார்த்து, சந்தேகப்பட்டு வெட்டும்.

எதிலும் சேரவில்லை என்றால்

இரண்டு இடத்தில் ஒரே நேரத்தில் பாக்கெட்டைப் பிடியுங்கள். கணினி இருக்கும் ஆக்சஸ் சுவிட்சில் ஒரு ஸ்பான் போர்ட் (வேறு போர்ட்டின் போக்குவரத்தை நகலெடுத்துத் தருவது), சர்வர் இருக்கும் சுவிட்சில் ஒன்று, இரண்டிலும் ஒரு மடிக்கணினியும் பாக்கெட்டைப் பதிவு செய்யும் வயர்ஷார்க்கும். விண்டோஸ் மடிக்கணினியின் நெட்வொர்க் கார்டு பெரும்பாலும் விலான் டேகை (ஃபிரேமில் ஒட்டிய விலான் எண்) கழற்றிவிட்டுத்தான் மென்பொருளுக்குக் கொடுக்கும் என்பதால் டேகைப் பார்க்க லினக்ஸ் வசதி. கோப்புகளைச் சுழற்சியில் எழுதச் சொல்லுங்கள், இல்லையென்றால் வட்டு நிரம்பி முக்கியமான நேரத்தில் நின்றுவிடும். அறுந்த நொடிக்கு இரண்டு பதிவிலும் போங்கள். கேள்வி சர்வர் பக்கம் வந்து, பதிலும் கிளம்பி, கணினி பக்கம் வரவில்லை என்றால் திரும்பும் பாதை. கேள்வியே சர்வர் பக்கம் வரவில்லை என்றால் போகும் பாதை. ஸ்பான் போர்ட்டைக் கோருக்கு ஒரு படி நகர்த்தி மறுபடி பிடியுங்கள். ஒவ்வொரு நகர்த்தலிலும் தேட வேண்டிய தூரம் குறைகிறது.